வெள்ளிக்கிழமைப் பூப்பொட்டலத்தில் இருந்த அரளியை இகுவானா தின்றுவிட்டது. உடனே என்ன செய்யணும்?

பச்சைமுத்து_கோவை | வெள்ளி, காலை 8.42

அவசரம்ங்க. என் இகுவானா முத்து (இலை, பூ தின்னும் பெரிய பச்சைப் பல்லி), ஆண், ஆறு வயசு, 2.3 கிலோ. தினமும் காலையில் அம்மா அவனுக்குச் செம்பருத்திப்பூ நாலைந்து வைப்பார்கள். இன்று வெள்ளிக்கிழமை என்பதால் பூக்காரம்மாவிடம் பூஜைக்கு வாங்கிய பொட்டலத்திலிருந்தே எடுத்து, கழுவி, தட்டில் வைத்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு வைத்தது. நான் எட்டரைக்குப் பார்த்தபோது தட்டு கிட்டத்தட்ட காலி. மீதம் கிடந்தது இரண்டே இதழ். எடுத்துப் பார்த்தால் செம்பருத்தி இல்லை, செவ்வரளி. பொட்டலத்தைப் பிரித்தேன், செம்பருத்தியும் அரளியும் கலந்துதான் இருக்கிறது. எத்தனை அரளி உள்ளே போனது என்று தெரியவில்லை. மூன்று நான்கு பூ இருக்கலாம்.

இப்போது அவன் வழக்கம்போல வெயில் விளக்குக்கு அடியில் படுத்திருக்கிறான். கண் தெளிவாக இருக்கிறது. எச்சில் ஒழுகவில்லை. பொறுத்திருந்து பார்க்கலாமா, இல்லை உடனே போகணுமா?

மீன்தொட்டி_மதுரை | காலை 8.49

தம்பி, பயப்படாதீங்க. கொஞ்சம் பால் கொடுங்க, விஷம் முறிஞ்சிடும். எங்க வீட்டு ஆட்டுக்குட்டி ஒரு தடவை ஏதோ இலை தின்னப்போ பாலும் விளக்கெண்ணெயும்தான் கொடுத்தோம்.

தோட்டக்காரன்_77 | காலை 8.53

எங்கள் வீட்டு அரளி வேலியில் ஓணான் எப்போதும் உட்கார்ந்திருக்கும், ஒன்றும் ஆனதில்லை. ஊர்வனவற்றுக்கு அரளி ஒத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.

கால்நடை_மருத்துவர்_ரா | காலை 8.58

பச்சைமுத்து, மற்ற பதில்களை அப்புறம் படியுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

பால் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். இகுவானாவுக்கு மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. பதற்றத்தில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போனால் அரளியோடு நிமோனியாவும் சேரும். ஊர்வனவற்றைப் பத்திரமாக வாந்தி எடுக்க வைக்க, நம்பி எழுதித் தரக்கூடிய மருந்து எதுவும் கிடையாது.

உடனே கிளம்புங்கள். அரளியில் இருப்பது இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடு, அதில் முக்கியமானது ஒலியாண்ட்ரின். பூ, இலை, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது. காய்ந்தாலும் போகாது, கழுவினாலும் போகாது. இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று உண்டு. இந்த விஷம் அதை நிறுத்திவிடும். துடிப்பு மெதுவாகும், தாளம் தவறும், சில நேரம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகும். இப்போது கண் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இகுவானாவின் வயிறு மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு வேளைச் சாப்பாடு உடம்பை விட்டு வெளியேறவே நாட்கள் ஆகும். அதனால் அறிகுறி தாமதமாகத் தெரியும். இதில் நமக்கு ஒரு நல்லதும் உண்டு: விஷத்தை வயிற்றிலேயே பிடிக்கும் வாய்ப்பு நாய்க்கு இரண்டு மணி நேரத்தில் கைவிட்டுப் போகும், உங்கள் முத்துவுக்கு அது இன்னும் இருக்கிறது. பூ பெரும்பாலும் இன்னும் வயிற்றில்தான் கிடக்கும்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: மீதமிருந்த இதழ்கள், பொட்டலம் அப்படியே, எத்தனை மணிக்குத் தின்றான், எடை எவ்வளவு என்று எழுதிய தாள். பெட்டியில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள், உடம்பு குளிரக் கூடாது. கூண்டில் மிச்சமிருக்கும் தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

தோட்டக்காரன்_77 | காலை 9.04

டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். நான் பார்த்த ஓணான் பூச்சிதான் தின்னும், பூவைத் தின்னாது. யோசிக்காமல் எழுதிவிட்டேன். பச்சைமுத்து, என் பதிலைப் பொருட்படுத்த வேண்டாம்.

பச்சைமுத்து_கோவை | காலை 9.11

பக்கத்து கிளினிக்குக்கு போன் செய்தேன். "நாங்கள் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம், இகுவானா எங்களுக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள். வேறு எங்கே போவது?

கால்நடை_மருத்துவர்_ரா | காலை 9.15

அடுத்த கிளினிக்குக்கு போன் செய்யும்போது "இகுவானாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அரளி விஷம், டிஜாக்சின் மாதிரி வேலை செய்வது, இரண்டு மணி நேரத்துக்கு முன் தின்றது, 2.3 கிலோ விலங்கு, ஆக்டிவேட்டட் சார்கோல் குழாய் வழியாகக் கொடுக்கணும், இதயத் துடிப்பைக் கண்காணிக்கணும்." டிஜாக்சின் இதய நோய்க்குக் கொடுக்கும் மருந்து, அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். விலங்கு புதிதாக இருந்தாலும் விஷம் புதிதில்லை. மாடு, ஆடு அரளி தின்று வருவதை நம் ஊர் மருத்துவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுக் குழாய் போடத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். அவர் என்னோடு பேச விரும்பினால் தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன், கொடுங்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லிலும் கல்லூரி இருக்கிறது. ஆனால் முதல் கரியை (விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஆக்டிவேட்டட் சார்கோலைத்தான் சொல்கிறேன்) கொடுக்காமல் கோவையிலிருந்து அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டாம்.

கூண்டும்_வானும் | காலை 9.20

ஒரு சந்தேகம். இகுவானா வைத்திருப்பதைப் பதிவு செய்யவில்லை என்றால் மருத்துவமனையில் சிக்கல் வருமா? இந்தப் பயத்தாலேயே என் நண்பர் ஒருவர் தன் கோன்யூர் கிளியை டாக்டரிடம் கொண்டுபோகத் தயங்குகிறார்.

கால்நடை_மருத்துவர்_ரா | காலை 9.27

பச்சை இகுவானா சைட்டிஸ் பட்டியலில் இருப்பது, அதாவது காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், 2024 பிப்ரவரியில் வந்த பதிவு விதிகளின்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாதவர்கள் செய்துவிடுங்கள். ஆனால் விலங்கு விஷம் தின்றிருக்கும் காலையில் அதை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். என் மேசைக்கு வந்த கிளிகளில் பாதி, தயங்கித் தயங்கி இரண்டு நாள் கழித்து வந்தவை. இரண்டாம் நாளில் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

பச்சைமுத்து_கோவை | காலை 9.34

ஒருவர் வரச் சொல்லிவிட்டார். நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே படித்தேன் டாக்டர். கிளம்புகிறோம்.

கிளிச்சத்தம்_திருச்சி | காலை 10.05

அவர் போய்ச் சேரட்டும். இதற்கிடையில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

போன வருடம் என் சன் கோன்யூருக்குப் பட்டர் ஃப்ரூட் கொடுத்தோம். அவகாடோதான். எங்கள் வீட்டில் ஜூஸ் போட்டு மீந்ததை, சத்தான பழம்தானே என்று ஒரு கரண்டி வைத்தேன். ஆசையாகத் தின்றது. மாலையில் கொஞ்சம் சோர்வு. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. குளிர் என்று நினைத்துத் துணி போட்டு மூடினேன். மறுநாள் காலை மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. அது மூச்சுத் திணறல் என்று அப்போது எனக்குத் தெரியாது. பத்து மணிக்குள் போய்விட்டது. அந்த வால் ஆடியது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

கால்நடை_மருத்துவர்_ரா | காலை 10.31

உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் அக்கா. அவகாடோவில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. பறவைகளுக்கு இதயத் தசையை அழித்து, நெஞ்சைச் சுற்றி நீர் கோர்க்க வைக்கும். லவ் பேர்ட்ஸ் என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜிகளுக்கு அவகாடோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989-ல் வெளிவந்தது. ஒன்றிரண்டு நாளில் இறந்தன. தென்னாப்பிரிக்காவில் அவகாடோ தோப்பில் புகுந்த நெருப்புக்கோழிகளே இறந்திருக்கின்றன. அவ்வளவு பெரிய பறவைக்கே அந்தக் கதி என்றால் நூறு கிராம் கோன்யூருக்கு ஒரு கரண்டி எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். முயலுக்கும் ஆட்டுக்கும்கூட ஆகாது.

முறிவு மருந்து கிடையாது. தின்று சிறிது நேரத்துக்குள் வந்தால் தீனிப்பையைக் கழுவலாம், கரி கொடுக்கலாம். மூச்சு வாங்கிய பிறகு வந்தால் ஆக்சிஜன், வெதுவெதுப்பு, நீர் வடிக்கும் மருந்து. அந்தக் கட்டத்தில் பறவையைக் கையில் பிடிப்பதே ஆபத்து. பிடித்த பிடியில் உயிர் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் அரை மணி நேரம் தொடாமல் ஆக்சிஜன் பெட்டியில் விட்டுவிடுவோம்.

முயல்வீடு_தஞ்சை | காலை 11.12

டாக்டர், எங்கள் முயல் ஊமத்தை இலையைத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை. அப்போ முயலுக்கு ஊமத்தை ஆகுமா?

கால்நடை_மருத்துவர்_ரா | காலை 11.40

பல முயல்களின் உடம்பில் அட்ரோபினை உடைக்கும் நொதி உண்டு. ஊமத்தையின் விஷம் அந்த வகையைச் சேர்ந்தது, அதனால் சில முயல்கள் தப்பிக்கும். எல்லா முயலுக்கும் அந்த நொதி இருக்காது, பார்த்து அடையாளம் காணவும் முடியாது. ஆகவே கொடுக்காதீர்கள். இதில் எங்களுக்கு இன்னொரு சங்கடம்: முயலுக்கு இதயம் மெதுவானால் அட்ரோபின் ஊசி போட்டாலும் சீக்கிரம் உடைந்துவிடும். அதனால் முயலுக்குக் கிளைக்கோபைரோலேட் என்ற மாற்று மருந்தைக் கையில் வைத்திருப்போம். முயல், கினிப்பன்றி, எலி மூன்றுக்கும் வாந்தியே வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பச்சைமுத்து_கோவை | மதியம் 1.26

கொடுத்தாச்சு. வாயைத் திறந்து வைக்க ஒரு சின்ன ரப்பர் துண்டு, அதற்கு நடுவே மெல்லிய குழாய், குழம்பு மாதிரி கரைத்த கரி. ஐந்து கிராம் என்று சொன்னார். முத்துவின் உதடு, தாடை எல்லாம் கறுப்பு. என் சட்டையும்தான்.

இதயத்தைக் கேட்க ஸ்டெதாஸ்கோப் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் பயந்துபோனேன். பிறகு மனிதர்களுக்குக் கால் ரத்தக்குழாய் பார்க்கும் டாப்ளர் கருவியைக் கொண்டுவந்து ஜெல் தடவி முன்னங்கால் அக்குளில் வைத்தார். உஷ், உஷ் என்று சத்தம் வந்தது. ஏழெட்டுத் துடிப்புக்கு ஒன்று விட்டுப்போகிறது. டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கால்நடை_மருத்துவர்_ரா | மதியம் 1.38

அவர் இப்போதுதான் என்னோடு பேசினார். நல்ல கையில்தான் இருக்கிறீர்கள். இகுவானாவின் இதயம் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தோள் எலும்புக்குள் ஒளிந்திருக்கும், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். துடிப்பு விட்டுப்போவது விஷம் இதயத்தைத் தொட்டுவிட்டதைக் காட்டுகிறது. ரொம்ப மெதுவானால் அட்ரோபின் போடுவார். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, குறைந்த அளவில் கரி. ஒலியாண்ட்ரினில் ஒரு பகுதி பித்தத்தோடு கலந்து திரும்பக் குடலுக்கு வரும், அதையும் கரி பிடித்துக்கொள்ளும்.

சலைன் மட்டும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த விஷத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஊர்வனப்பிரியன் | மதியம் 2.02

பச்சைமுத்து, சோர்வாக இருந்தால் கால்சியம் சிரப் கொடுங்கள். இகுவானா துவண்டு படுத்தால் தொண்ணூறு சதவீதம் கால்சியம் குறைவுதான். என் இரண்டு இகுவானாவையும் அப்படித்தான் மீட்டேன்.

கால்நடை_மருத்துவர்_ரா | மதியம் 2.09

இந்த நிலையில் கால்சியம் கூடாது. தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள்.

ஊர்வனப்பிரியன், மற்ற நாட்களில் நீங்கள் சொல்வது சரி. விளக்கும் தீனியும் சரியில்லாமல் எலும்பு மெலிந்து துவளும் இகுவானாக்களை நானும் நிறையப் பார்க்கிறேன். ஆனால் அரளி விஷத்தில் இதயத் தசைக்குள் ஏற்கெனவே கால்சியம் நிரம்பிக் கிடக்கும். வெளியிலிருந்தும் கொடுத்தால் தாளம் இன்னும் கெடும் என்பதால் எங்கள் பாடத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். துவண்டு கிடக்கிறது என்பது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், அதற்குக் காரணம் இரண்டு. என்ன தின்றது என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அந்தப் பொட்டலத்தை எடுத்துப் போகச் சொன்னது அதற்காகத்தான்.

ஊர்வனப்பிரியன் | மதியம் 2.15

இது எனக்குப் புதிய தகவல் டாக்டர். என் பதிலைத் திருத்திவிடுகிறேன். யாராவது மேலே மட்டும் படித்துவிட்டுக் கொடுத்துவிடக் கூடாது.

வடமராட்சி_அலரி | மாலை 4.50

நான் யாழ்ப்பாணம், மனிதர்களுக்கான மருத்துவமனையில் தாதி. எங்கள் பக்கம் இதை அலரி என்போம். மஞ்சள் அலரி விஷத்தோடு வரும் நோயாளிகளை இலங்கை வைத்தியசாலைகள் பல பத்தாண்டுகளாகப் பார்க்கின்றன. அதனால் இதன் சிகிச்சை பற்றிய பெரிய ஆய்வுகள் இலங்கையில்தான் நடந்தன. டிஜாக்சின் எதிர்ப்பு மருந்து மஞ்சள் அலரிக்கும் வேலை செய்கிறது என்று 2000-ல் காட்டினார்கள். திரும்பத் திரும்பக் கரி கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. 2008-ல் வந்த இன்னும் பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. விலங்குகளில் எப்படி, டாக்டர்?

கால்நடை_மருத்துவர்_ரா | மாலை 6.20

நன்றி சகோதரி, நாங்களும் அந்த ஆய்வுகளைத்தான் படிக்கிறோம். இகுவானாவை வைத்து அப்படி ஆய்வு யாரும் செய்ய முடியாது. நாய், மாட்டு அனுபவத்தையும் உங்கள் ஊர் அனுபவத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம். உணவு இவ்வளவு நேரம் குடலில் தங்கும் விலங்குக்கு இரண்டாவது, மூன்றாவது கரி பயன்படும் என்றே நான் நினைக்கிறேன். எதிர்ப்பு மருந்து நம் பக்கம் கிடைப்பது அரிது, விலையும் மிக அதிகம். கிடைத்தால் போடத் தயங்க மாட்டேன்.

பச்சைமுத்து_கோவை | வெள்ளி, இரவு 9.15

இரண்டாவது கரியும் கொடுத்துவிட்டார்கள். ஒரு தடவை அட்ரோபின் போட வேண்டி வந்தது. இரவு அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். கூண்டு விளக்கையும் வெப்பமானியையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன், 30 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். உடம்பு குளிர்ந்தால் குடல் நின்றுவிடும், விஷம் கலந்த பூவும் உள்ளேயே தங்கிவிடும் என்று அவரே சொன்னார்.

அம்மா சாப்பிடவில்லை. "நாலு வருஷமா என் கையாலதானே பூ வச்சேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கால்நடை_மருத்துவர்_ரா | இரவு 9.40

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, முழுப் பூவாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செம்பருத்திக்கு நடுவில் நீளமாகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அரளிக்கு அது கிடையாது. பொட்டலத்தில் கசங்கி, காம்பு உதிர்ந்து, ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் சிவப்பு இதழில் நானே ஏமாந்துபோவேன். மீதி இரண்டு இதழைக் குப்பையில் போடாமல் தட்டிலேயே விட்டிருந்தீர்கள், அதனால்தான் மகன் கண்டுபிடித்தார். சாப்பிடுங்கள்.

கூண்டும்_வானும் | சனி, காலை 7.30

முத்து எப்படி இருக்கிறான்? கண் விழித்ததும் இங்கேதான் வந்தேன்.

பச்சைமுத்து_கோவை | சனி, மதியம் 12.10

உயிரோடு இருக்கிறான். துடிப்பு இன்னும் எப்போதாவது தவறுகிறது, நேற்றைவிடக் குறைவு. அட்ரோபின் மறுபடி தேவைப்படவில்லை.

முயல்வீடு_தஞ்சை | சனி, மாலை 5.45

எங்கெங்கே கவனமாக இருக்கணும் என்று ஒரு பட்டியல் கிடைக்குமா டாக்டர்? கூண்டுக்குப் பக்கத்தில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன்.

கால்நடை_மருத்துவர்_ரா | சனி, இரவு 8.30

பட்டியல் போட்டால் அதில் இல்லாததெல்லாம் பாதுகாப்பானது என்று ஆகிவிடும், அதனால் போட எனக்கு மனமில்லை. ஒரு கிளையை உடைத்துச் செடிக்கடையில் காட்டி, சரியான பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அதிர்ஷ்டச் செடி", "ஷோ செடி" என்ற பெயர்களை வைத்து எங்களால் சிகிச்சை செய்ய முடியாது. அரளியிலேயே செவ்வரளி, வெள்ளரளி ஒரு செடி, மஞ்சள் அரளி முற்றிலும் வேறு செடி. இரண்டும் இதய விஷம்தான் என்பதால் இதில் பிழைத்தோம், மற்றதில் அப்படி அமையாது.

மணி பிளாண்டிலும் டிஃபன்பேக்கியா என்ற அழகுச் செடியிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கும். கடித்தவுடன் வாய் எரியும், வீங்கும், எச்சில் வழியும். பெரும்பாலும் ஒரு வாய்க்கு மேல் தின்ன மாட்டார்கள். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள், வலிக்கு மருந்து கொடுப்போம், தொண்டை வீங்கி மூச்சு அடைக்கிறதா என்று பார்ப்போம். அங்கே கரி பயன்படாது. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் கடித்து உடைபட்டால் மிக மோசம், இரண்டு நாள் கழித்துக்கூட விலங்கு சாயும். செங்காந்தள் கிழங்கும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, அதனால்தான் பெயர், பெயர் என்று உயிரை வாங்குகிறேன்.

அடுப்புக்கரியை இடித்துக் கொடுக்கலாமா என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆக்டிவேட்டட் கரியின் நுண்துளைகள் அதில் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் வாயுத்தொல்லைக்கு விற்கும் கரி மாத்திரையிலும் வேறு மருந்து கலந்திருக்கும்.

பச்சைமுத்து_கோவை | செவ்வாய், மாலை 6.05

முத்து வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று காலை முதல் கழிவு, தார் மாதிரி கறுப்பு. அதில் நாராக ஒரு சிவப்பு இதழ்த் துண்டு. வெள்ளிக்கிழமை தின்றது செவ்வாய்க்கிழமை வெளியே வருகிறது டாக்டர், நீங்கள் சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. டாப்ளரில் இரண்டு நிமிடம் தொடர்ந்து கேட்டோம், ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

மதியம் முருங்கைக்கீரை ஒரு கொத்து வைத்தேன். ஐந்து நாளில் முதல் தடவையாக நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வாய் தின்றான். அம்மா அதை வீடியோ எடுத்து அத்தை, சித்தி எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். கீரை மேல் தூவும் கால்சியப் பொடியை எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம்?

கால்நடை_மருத்துவர்_ரா | செவ்வாய், மாலை 6.32

அந்தச் சிவப்புத் துண்டைப் பற்றிப் படித்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன். கால்சியம் இன்னும் வேண்டாம். இந்த வாரக் கடைசியில் வால் அடியிலிருந்து ரத்தம் எடுத்து பொட்டாசியமும் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் சரியாக இருந்தால் பழைய அளவிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு வாரம் மரத்தில் ஏற விடாதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். முருங்கையும் அகத்தியும் கொடுங்கள். செம்பருத்தியும் கொடுக்கலாம், உங்கள் தொட்டியில் பூத்ததாக இருந்தால் மட்டும், மருந்தடிக்காததாக.

பச்சைமுத்து_கோவை | செவ்வாய், மாலை 6.40

அம்மா இன்று மதியமே இரண்டு செம்பருத்திக் குச்சி நட்டுவிட்டார்கள் டாக்டர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.